ரத்தன் டாடாவும் ஓசூர் எல்லையும்

ரத்தன் நாவல் டாடா 2024 அக்டோபர் 9ஆம் தேதி இரவு மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் 86 வயதில் காலமானார். மறுநாள் நரிமன் முனையில் உள்ள தேசிய நிகழ்கலை மையத்தில் மக்கள் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள். மாலையில் ஒர்லி மயானத்தில் அரசு மரியாதையுடன் தகனம் நடந்தது. அன்று வந்த இரங்கல் செய்திகளில் பெரும்பாலும் இடம்பெற்றவை ஜாகுவார் நிறுவனத்தை வாங்கியது, ஒரு லட்சம் ரூபாய் நானோ கார், தெருநாய்கள்மேல் அவர் வைத்த பரிவு ஆகியவை. தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் வட்டாரத்தில் டாடா என்ற பெயருக்கு வேறொரு வரலாறு உண்டு. அது ஒரு கைக்கடிகாரத்தில் தொடங்குகிறது. அந்தக் கடிகாரத் தொழிலில் தமிழ்நாடு அரசின் பங்கு டாடா குழுமத்தின் பங்கைவிடப் பெரியது என்பது வெளியூரில் பலருக்குத் தெரியாது.

ஓசூர் என்றால் கன்னடத்தில் புதிய ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருப்பதால் வெயிலின் கடுமை குறைவு. வெள்ளைக்காரர்கள் இதைக் குட்டி இங்கிலாந்து என்றார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1824இல் மத்திகிரியில் குதிரை, மாட்டுப் பண்ணை அமைத்ததற்கும் இந்தத் தட்பவெப்பமே காரணம். சுற்றியுள்ள ஊர்ப்பெயர்கள் பள்ளி என்றும் அள்ளி என்றும் முடியும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, கடைவீதியில் தமிழ் என்பது இங்கே இயல்பு. கேழ்வரகும் மொச்சையும் விளையும் மானாவாரி நிலமே அதிகம். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இந்தப் பக்கத்து ஊர்தான். நிர்வாகக் கணக்கில் ஓசூர் நெடுங்காலம் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965இல் தர்மபுரி மாவட்டத்துக்கும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் மாறியது.

ஓசூருக்கு அருகே தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே நிற்பது கெலவரப்பள்ளி அணை. நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் புறமாக இறங்கிவரும் ஆற்றைத் தமிழ்நாட்டுக்குள் முதலில் நிறுத்துவது இதுதான். முழு உயரம் 44.28 அடி. இரு கால்வாய்கள் வழியாகச் சுமார் 8,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை எல்லாம் இதற்குக் கீழே வருபவை. எல்லைக்கு அப்பால் இருக்கும் நகரத்தில் நடப்பது எதுவானாலும் சில நாளில் கெலவரப்பள்ளியில் தெரிந்துவிடும். தொழிலும் அப்படியே வந்தது.

பெங்களூர் தொழில்நுட்ப நகரமானதன் தொடக்கத்தில் ஒரு டாடா நிற்கிறார். குழுமத்தின் நிறுவனர் ஜம்சேட்ஜி நசர்வான்ஜி டாடா, இந்திய மாணவர்கள் வெளிநாட்டில் உயர்கல்வி பெறுவதற்காக 1892இல் ஒரு நிதியை ஏற்படுத்தினார். பின்னர் இந்தியாவிலேயே உயர் ஆராய்ச்சிக்கு ஒரு நிலையம் வேண்டும் என்று தம் சொத்தில் ஒரு பகுதியை ஒதுக்கினார். அது நிறைவேறும் முன்பே 1904இல் இறந்தார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. 1909இல் இந்திய அறிவியல் கழகம் உருவானது. பெங்களூர்க்காரர்கள் இன்றும் அதை டாடா இன்ஸ்டிட்யூட் என்பார்கள். 1940இல் விமானத் தொழிற்சாலை பெங்களூருக்கு வந்ததற்கு இந்தக் கழகமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதன்பின் தொலைபேசிக் கருவி, மின்னணுச் சாதனம், இயந்திரக் கருவி என்று மத்திய அரசின் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. 1953இல் தொடங்கிய ஹெச்.எம்.டி. நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் உதவியுடன் 1961இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. நுண்ணிய உலோக வேலை தெரிந்த ஒரு தலைமுறை அங்கே உருவாயிற்று. அந்தத் தலைமுறை ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

தமிழ்நாடு அரசு இந்த நெருக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டது. 1971இல் தொழிற்பேட்டைகள் அமைப்பதற்கான அரசு நிறுவனமாகச் சிப்காட் நிறுவப்பட்டது. தர்மபுரி மாவட்டம் தொழிலில் பின்தங்கியதாக அறிவிக்கப்பட்டிருந்ததால் அங்கே ஆலை வைப்பவருக்கு மானியமும் வரிச் சலுகையும் உண்டு. நிலம் மலிவு, தேசிய நெடுஞ்சாலை ஊரின் நடுவே போகிறது, பொறியாளர்கள் பெங்களூரில் குடியிருந்துகொண்டே வேலைக்கு வந்து போகலாம். ஒரு மாநிலத்தின் சலுகையையும் அடுத்த மாநிலத்தின் நகர வசதியையும் சேர்ந்தாற்போல் அனுபவிக்க ஓசூரைவிடப் பொருத்தமான இடம் அப்போது தென்னிந்தியாவில் இல்லை. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே ஆண்டு சுந்தரம் கிளேட்டனின் மொபெட் பிரிவு ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வண்டியை வெளியிட்டது. பால்காரர் முதல் பள்ளி ஆசிரியர் வரை இருவர் ஏறிப் போகக்கூடிய வண்டி என்பதால் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு ஓசூரின் பெயரைக் கொண்டுபோனது முதலில் அதுதான்.

டாடா ஓசூருக்கு வந்த வழி நேரானதல்ல. 1970களின் பிற்பாதியில் மும்பையில் டாடா பிரஸ் என்ற அச்சகத்தை நடத்திவந்த ஜெர்க்சஸ் தேசாயும் அவருடன் இருந்தவர்களும் புதிய தொழில் ஒன்றைத் தேடினார்கள். கைக்கடிகாரம் என்ற எண்ணம் அவர்களுக்குத் தோன்றியது. பெரிய குழுமங்கள் புதிதாக எதைத் தொடங்கவும் ஏகபோகத் தடுப்புச் சட்டமும் உரிம முறையும் குறுக்கே நின்ற காலம் அது. மாநில அரசின் நிறுவனம் ஒன்று கூட்டாளியாக வந்தால் வழி ஓரளவு திறக்கும். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ 1965 முதல் இத்தகைய கூட்டுத்துறைத் திட்டங்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தது. டிட்கோவில் அப்போது உயர் பொறுப்பில் இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி டாடா தரப்பின் எண்ணத்தைக் கேட்டதும் பிடித்துக்கொண்டார். அவர் பெயர் ஐராவதம் மகாதேவன். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சிந்துவெளி எழுத்து ஆய்வு என்று பிற்காலத்தில் உலகம் அறிந்த அதே மகாதேவன். 1980இல் விருப்ப ஓய்வு பெற்று ஆய்வுக்குப் போய்விட்டார். அவரைப் பற்றி எழுதுவோர் குகைக் கல்வெட்டுகளைப் பேசுவார்கள். கடிகாரத்தைப் பேசுவது குறைவு.

எண்ணம் ஆலையாக மாறச் சில ஆண்டுகள் பிடித்தன. 1984 ஜூலையில் நிறுவனம் பதிவாயிற்று. டாடா இண்டஸ்ட்ரீஸ் என்பதிலிருந்து டி, ஐ எழுத்துகளையும், தமிழ்நாடு என்பதன் ஆங்கிலப் பெயரிலிருந்து மற்ற மூன்று எழுத்துகளையும் எடுத்து டைட்டன் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கப் புராணத்தின் அரக்கர் பெயராகவும் அது அமைந்துவிட்டது. டாடா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் தலைவராக 1981 முதல் இருந்தவர் ரத்தன் டாடா. உயர் தொழில்நுட்பத் துறைகளில் குழுமத்தைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று 1983இல் ஒரு திட்ட வரைவைத் தயாரித்தவரும் அவரே. ஆனாலும் டைட்டனை அவருடைய குழந்தை என்று சொல்வது பொருந்தாது. குழுமத்தின் தலைமையில் அப்போது ஜே.ஆர்.டி. டாடா இருந்தார், திட்டத்தைப் பெற்று வளர்த்தவர் ஜெர்க்சஸ் தேசாய்.

தேசாயின் பெரிய துணிச்சல் குவார்ட்ஸ். சந்தை அன்று சாவி கொடுக்கும் கடிகாரத்தின் கையில் இருந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு போடும் வாட்ச் பெரும்பாலும் ஹெச்.எம்.டி.யாக இருக்கும், வசதி உள்ளவர்கள் சென்னை பர்மா பஜாரில் கடத்தல் வாட்சைத் தேடுவார்கள். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தை நம்ப ஊர் தயாராக இல்லை. டைட்டன் அதில்தான் இறங்கியது. இயக்கக் கருவிக்கான தொழில்நுட்பத்தை பிரான்சின் பிரான்ஸ் எபோஷ் நிறுவனம் தந்தது. ஹெச்.எம்.டி.யில் பழகிய பொறியாளர்கள் பலர் எல்லை தாண்டி ஓசூருக்கு வந்தார்கள். 1987 முதல் மொசார்ட்டின் 25ஆம் சிம்பொனியின் மெட்டோடு தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தது. கடிகாரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக்கொடுக்கும் கடைகளுக்குப் பதிலாக, நகைக்கடைபோல் விளக்குப் போட்ட காட்சியகங்கள் திறந்தன. குவார்ட்ஸை நம்பாத ஊர் அடுத்த பத்தாண்டில் சாவியை மறந்தது.

இந்த ஆலைக்கு ஆள் எடுத்த விதம் ஓசூரின் சமூக வரலாற்றில் தனியாகக் கவனிக்க வேண்டியது. அனுபவம் உள்ளவர்களை மட்டும் நம்பாமல், பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுத்தார்கள். திருகாணி முனையளவு பாகத்தை இடுக்கியால் பிடித்து வைக்கும் வேலைக்கு இளங்கை வேண்டும், பொறுமை வேண்டும். பழைய பழக்கம் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. வந்தவர்களுக்கு வயது பதினேழு பதினெட்டு. முதல் முறையாக ஊரைவிட்டு வெளியே வந்தவர்கள், அவர்களில் பெண்களும் கணிசம். இவர்களை விடுதியில் அடைக்காமல், ஓசூரில் வீடுகளை வாடகைக்கு எடுத்து, பெற்றோர் இடத்திலிருந்து பார்த்துக்கொள்ள நடுத்தர வயதுத் தம்பதிகளை நிறுவனம் அமர்த்தியது. தர்மபுரிப் பக்கத்துத் தகப்பன்மார் பெண்ணை வேலைக்கு அனுப்பத் துணிந்ததற்குச் சம்பளத்தைவிட அந்த ஏற்பாடு பெரிய காரணம் என்று கொள்ள இடமுண்டு. காது கேளாதோரையும் உடல் ஊனமுற்றோரையும் தொடக்கத்திலிருந்தே ஆலையில் சேர்த்தார்கள். பிறகு மத்திகிரியில் ஊழியர்களுக்கான குடியிருப்பும் பள்ளியும் அமைந்தன. குடியிருப்பை வடிவமைத்தவர் கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா. நவி மும்பையைத் திட்டமிட்டவர்களில் கொரியாவும் ஒருவர். தேசாய்க்கும் அந்தத் திட்டத்தில் தொடர்பு இருந்தது. ஒரு பெருநகரத்துக்காகப் போட்ட கணக்குகளின் சிறு அச்சு மத்திகிரியில் விழுந்தது எனலாம்.

1990களில் ஆலைக்கு வெளியேயும் வேலை பரவியது. மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையுடன் சுற்றுக் கிராமத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, வாட்ச் செயின் கோர்ப்பது போன்ற வேலைகளைச் செய்தார்கள். அதற்கு மெடோ என்று பெயர். நன்கொடையாகத் தையல் இயந்திரம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் வகை உதவி அல்ல இது. பெண்களே பங்குதாரர்களான நிறுவனமாக அது பதிவு பெற்றது. தரம் தவறினால் சரக்குத் திரும்பி வரும், நேரம் தவறினால் கேள்வி வரும்.

இவையெல்லாம் தேசாயின் காலத்து ஏற்பாடுகள். 1991இல் டாடா சன்ஸ் தலைவர் பொறுப்பு ஜே.ஆர்.டி.யிடமிருந்து ரத்தன் டாடாவுக்கு வந்தபோது குழுமம் தளர்ந்த கட்டாக இருந்தது. இரும்பு, ஓட்டல், ரசாயனம் என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் மேலாளரின் கோட்டை. பல கம்பெனிகளில் டாடா சன்ஸின் பங்கு மிகக் குறைவு. ரத்தன் டாடா ஓய்வு வயதைக் கட்டாயமாக்கிப் பழைய தலைகளை இறக்கினார், பங்குகளைக் கூட்டினார், டாடா என்ற பெயரைப் பயன்படுத்துவதற்கு ஒப்பந்தமும் கட்டணமும் கொண்டுவந்தார். பிறகுதான் வெளிநாட்டுக் கொள்முதல்கள்: 2000இல் டெட்லி தேயிலை, 2007இல் கோரஸ் உருக்கு, 2008இல் ஜாகுவார் லேண்ட் ரோவர். இவற்றில் கோரஸ் நீண்ட காலம் சுமையாகவே இருந்தது. நானோ கார் மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நிலப் போராட்டத்தைச் சந்தித்து குஜராத்துக்கு இடம் மாறியது, சந்தையிலும் எடுபடவில்லை. ஒடிசாவின் கலிங்கநகரில் 2006 ஜனவரியில் உருக்காலைக்கான நிலத்தை எதிர்த்த பழங்குடியினர் பலர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். இரங்கல் உரைகள் இவற்றைத் தொடுவதில்லை. வாழ்க்கை வரலாறு தொட்டாக வேண்டும்.

ஓசூரில் அவர் காலத்தின் பெரிய சோதனை தங்கம். அந்நியச் செலாவணி நெருக்கடிக் காலத்தில், நகை ஏற்றுமதி செய்து டாலர் ஈட்டலாம் என்று டைட்டன் நகைத் தொழிலில் நுழைந்தது. ஓசூரில் ஆலை எழுந்தது. ஏற்றுமதி எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. உள்நாட்டுச் சந்தைக்குத் திரும்பி, 1996இல் சென்னை கதீட்ரல் சாலையில் முதல் தனிஷ்க் கடையைத் திறந்தார்கள். அங்கே வைத்தது பெரும்பாலும் 18 காரட் நகை. தமிழ்நாட்டில் நகை என்பது அணிவது மட்டுமல்ல. அடகு வைப்பது, பெண்ணுக்குப் போடுவது, அவசரத்துக்கு விற்பது. 22 காரட்டுக்குக் குறைந்த எதையும் கல்யாண வீட்டார் நகையாகவே கணக்கில் கொள்ளவில்லை. பரம்பரை ஆசாரியை விட்டுவிட்டு மும்பைக் கம்பெனியிடம் ஏன் போக வேண்டும் என்ற கேள்விக்கும் கடையில் பதில் இல்லை. நட்டம் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. நகைப் பிரிவை மூடிவிடலாம் என்ற யோசனை குழுமத்துக்குள்ளேயே எழுந்தது.

மூடவில்லை. 22 காரட்டுக்கு மாறினார்கள். 1990களின் இறுதியில் காரட்மீட்டர் என்ற கருவியைக் கடைகளில் வைத்தார்கள். ஊடுகதிர் கொண்டு, நகையை உருக்காமல் உரசாமல் தங்கத்தின் மாற்றைக் காட்டும் கருவி அது. உரைகல்லின் கோட்டைப் பார்த்துக் கடைக்காரர் சொன்னதை அதுவரை நம்பிவந்த பெண்கள், தங்கள் பழைய வளையலைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். பலர் வீட்டு நகை, சொல்லிக் கொடுத்த மாற்றில் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் முத்திரை 2000இல் வருவதற்குச் சற்று முன்பே நடந்த இந்த மாற்றம், செய்கூலி சேதாரம் என்ற இரண்டு சொற்களுக்குள் ஒளிந்திருந்த கணக்கை வெளியே இழுத்தது. டைட்டனின் வருவாயில் இன்று ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நகையிலிருந்து வருகிறது. ஜெர்க்சஸ் தேசாய் 2002இல் ஓய்வு பெற்றார். அவர் பொறுப்பிலிருந்து விலகிய அதே ஆண்டில், மூன்றரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள எட்ஜ் கடிகாரம் வெளிவந்தது. அதன் இயக்கக் கருவியை உருவாக்கியது ஓசூர்க் குழு. தேசாய் 2016 ஜூன் 27இல் பெங்களூரில் காலமானார். ஓசூரின் உண்மையான டாடா அவர்தான் என்று சொல்பவர்கள் இருந்தால் மறுப்பது கடினம்.

அப்படியானால் ரத்தன் டாடாவின் கணக்கில் ஓசூர் எந்தப் பத்தியில் வரும்? அதற்கு அவருடைய குழுமத்தின் உடைமை அமைப்பைப் பார்க்க வேண்டும். தம் சொத்தில் 66 விழுக்காட்டைத் தருமத்துக்குக் கொடுத்தவர் ரத்தன் டாடா என்று அவர் இறந்த வாரத்தில் தமிழிலும் பலர் எழுதினார்கள். இது தவறு. டாடா சன்ஸ் நிறுவனத்தில் சுமார் 66 விழுக்காடு அறக்கட்டளைகளிடம் இருப்பது உண்மை; ஆனால் அந்தக் கொடை அவர் பிறப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. ஜம்சேட்ஜியின் இளைய மகன் ரத்தன்ஜி டாடா 1918இல் இறந்தார். அவர் சொத்திலிருந்து 1919இல் ஒரு அறக்கட்டளை பிறந்தது. மூத்த மகன் தோராப்ஜி, மனைவி மெஹர்பாய் புற்றுநோயில் இறந்த மறு ஆண்டு, 1932இல், தம் சொத்தை அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டு அதே ஆண்டு ஜூனில் காலமானார். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. ரத்தன்ஜியின் மனைவி நவஜ்பாய், பார்சி அநாதை இல்லத்திலிருந்த நாவல் என்ற சிறுவனைத் தத்தெடுத்தார். அந்த நாவலின் மகன்தான் 1937 டிசம்பர் 28இல் பிறந்த ரத்தன். டாடா சன்ஸில் அவருக்குச் சொந்தமாக இருந்தது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

ஆலையின் உடைமையையே தருமத்துக்கு எழுதிவைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கோவை பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பங்காகப் போட்டு, ஐந்தாவதைத் தருமத்துக்கு ஒதுக்கினார்கள். 1926இல் உருவான பி.எஸ்.ஜி. அறநிலையம் அதன் விளைவு. பம்புசெட்டு செய்யும் தொழிற்கூடமும் கல்லூரிகளும் மருத்துவமனையும் ஒரே அறத்தின்கீழ் வளர்ந்தன. இங்கும் பிற தொழில் குடும்பங்கள் கோயில் திருப்பணி, கல்லூரி, சத்திரம் என்று வழங்கியவை ஏராளம். ஆனால் பெரும்பாலும் லாபத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவை அவை. பீளமேட்டாரும் பம்பாய் டாடாக்களும் செய்தது மரத்தையே எழுதிவைப்பது. பழம் ஆண்டுதோறும் தானாகப் போய்ச் சேரும்.

டைட்டனின் பங்குக் கணக்கில் இது தெளிவாகத் தெரியும். டிட்கோவிடம் 27.88 விழுக்காடு, டாடா நிறுவனங்களிடம் 25.02 விழுக்காடு. டைட்டன் ஆதாயப் பங்கு அறிவிக்கும்போது ஒரு பகுதி சென்னையில் அரசு நிறுவனத்துக்கும், இன்னொரு பகுதி டாடா சன்ஸ் வழியாக மும்பையில் அறக்கட்டளைகளுக்கும் போகிறது. புற்றுநோய் மருத்துவமனை, உதவித்தொகை, குடிநீர்த் திட்டம் என்று அது செலவாகிறது. இயக்குநர் குழுவின் தலைவர் நாற்காலியில் டாடா குடும்பத்தார் அமர்வதில்லை. டிட்கோ நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி அமர்கிறார். நாற்பது ஆண்டில் கோட்டையில் ஆட்சி பல முறை மாறியிருக்கிறது, இந்த ஏற்பாடு மாறவில்லை. ரத்தன் டாடா இருபத்தோரு ஆண்டு டாடா சன்ஸ் தலைவராக இருந்தபோது செய்த பெரிய காரியம் இந்த அமைப்பை உடைக்காமல் காத்ததும், நட்டத்தில் இருந்த ஓசூர் நகைத் தொழிலுக்கு அது தந்த அவகாசமும். ஆண்டு முடிவில் லாபம் கேட்டு நிற்கும் உரிமையாளர் இல்லாத கம்பெனிதான் அப்படிக் காத்திருக்க முடியும். அதே அமைப்பு பூசலையும் தந்தது. 2012இல் அவருக்குப்பின் தலைவர் பொறுப்பேற்ற சைரஸ் மிஸ்திரி 2016 அக்டோபரில் நீக்கப்பட்டபோது, அறக்கட்டளைகள் கம்பெனியை எவ்வளவு தூரம் ஆளலாம் என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிற்று. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் டாடா தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அவர் முன்னின்று செய்த அறப்பணிகள் தனிக் கணக்கு. 2008 நவம்பரில் மும்பை தாஜ் ஓட்டல் தாக்கப்பட்டபின், இறந்த ஊழியர்களின் குடும்பங்களுக்கு மட்டுமல்லாமல் அக்கம்பக்கத்துச் சிறு வியாபாரிகளுக்கும் உதவ ஒரு நல அறக்கட்டளை ஏற்பட்டது. கட்டடக்கலை படித்த கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு டாடா அறக்கட்டளைகள் வழியாக 2.5 கோடி டாலர் கொடுத்து இந்திய மாணவர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். கடைசி ஆண்டில் மும்பை மகாலட்சுமியில் விலங்கு மருத்துவமனை திறந்தது. இறந்தபின் வெளியான உயிலின்படி அவர் சொத்தின் பெரும்பகுதி அவர் பெயரிலான அறநிலையங்களுக்கே போகிறது.

அவர் வாழ்வின் இறுதி நான்கு ஆண்டுகளில் ஓசூர் வட்டாரத்தில் டாடாவின் இரண்டாம் அத்தியாயம் தொடங்கியது. 2020இல் உருவான டாடா எலெக்ட்ரானிக்ஸ், தேன்கனிக்கோட்டை வட்டத்தில் நாகமங்கலம் பக்கம் சுமார் 500 ஏக்கரில் ஐபோனின் வெளிக்கூடு முதலிய பாகங்களைச் செய்யும் ஆலையைக் கட்டியது. மில்லிமீட்டரின் சிறு பகுதி பிசகினாலும் கழிக்கப்படும் வேலை. கடிகாரம் போலவே இளங்கைகளைத் தேடும் வேலை. இம்முறை ஆள் அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்து மட்டும் வரவில்லை. ஜார்க்கண்டின் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் பயிற்சி பெற்று ரயிலேறி வந்தார்கள். எண்ணிக்கை ஆயிரங்களில். 1980களில் வாடகை வீடும் வளர்ப்புப் பெற்றோரும் போதுமானதாக இருந்தது. ஆயிரக்கணக்கானவருக்கு விடுதிதான் வழி. பாகலூர் சாலையிலும் தேன்கனிக்கோட்டை சாலையிலும் மாலை ஷிப்டு பேருந்துகள் வரிசைகட்டும்போது கேட்கும் மொழிகளின் பட்டியலில் தெலுங்கு, கன்னடம், தமிழ், உருதுவோடு இந்தியும் ஒடியாவும் சேர்ந்துவிட்டன. 2024 செப்டம்பர் 28 காலை அந்த ஆலையில் பெருந்தீ ஏற்பட்டு உற்பத்தி நின்றது. அதிலிருந்து பதினோராம் நாள் இரவு ரத்தன் டாடா மறைந்தார்.

தொழில் கொண்டுவந்த வளர்ச்சியில் ஓசூர் 1992இல் நகராட்சியாகவும் 2019இல் மாநகராட்சியாகவும் உயர்ந்தது. ஆறு அப்படி உயரவில்லை. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகப் பெங்களூரின் கழிவுநீர் தென்பெண்ணையில் கலந்து வருவதால், மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி மதகுகளைத் திறக்கும்போது வெண்ணுரை ஆளுயரத்துக்குப் பொங்கித் தரைப்பாலத்தை மூடுகிறது. கீழே அந்த நீரில்தான் நெல்லும் கேழ்வரகும் கீரையும் விளைகின்றன. குடியிருப்பு, பள்ளி, மருத்துவம் என்று ஆலைகள் செய்த நற்பணிகள் பெரும்பாலும் ஊழியரையும் பக்கத்துக் கிராமத்தையும் சுற்றியே அமைந்தன. இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஓடும் ஆற்றை எந்த அறக்கட்டளையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரத்தன் டாடா மறைந்த இரண்டாம் நாள், 2024 அக்டோபர் 11இல், டாடா அறக்கட்டளைகளின் தலைவராக அவருடைய தந்தையின் இரண்டாம் மனைவிக்குப் பிறந்த நோயல் டாடா தேர்வானார். சில்லறை வணிகத்தில் வளர்ந்தவர் என்று பத்திரிகைகள் அவரை அறிமுகப்படுத்தின. அப்போது அவர் வகித்துவந்த பொறுப்புகளில் ஒன்று, ஓசூர் சிப்காட்டில் பதிவு அலுவலகம் கொண்ட டைட்டன் கம்பெனியின் துணைத் தலைவர் பதவி.